ஒரே ஆண்டில் இரட்டிப்பும் வெட்டும்: குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு யார் பணம் தருகிறார்கள்?

2025 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். குழந்தைப் புற்றுநோய்த் தரவுத் திட்டத்தின் ஆண்டு நிதி 5 கோடி டாலரிலிருந்து 10 கோடி டாலராகிறது, செயற்கை நுண்ணறிவின் துணையோடு புதிய சிகிச்சைகள் தேடப்படும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் அதே அரசுதான், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி தரும் அரசு அமைப்பான தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மொத்த நிதியை ஏறத்தாழ 720 கோடி டாலரிலிருந்து 450 கோடி டாலர் அளவுக்குக் குறைக்கும்படி நாடாளுமன்றத்திடம் கேட்டிருந்தது. குழந்தைகளின் மூளைக் கட்டிகளுக்கென 1999 முதல் இயங்கிவந்த மருந்துச் சோதனைக் கூட்டமைப்புக்கு 2026 மார்ச்சுக்குப் பிறகு நிதி நீட்டிக்கப்படாது என்ற செய்தியும் ஆகஸ்டில் வந்தது.

இரட்டிப்பு உண்மையா, வெட்டு உண்மையா என்று குழம்புவது இயல்பு. இரண்டும் உண்மைதான். எப்படி என்று புரிய, இந்தத் துறைக்குள் பணம் எந்த வழிகளில் வருகிறது, எங்கே தேங்குகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

## பெரியவர்களின் நோயல்ல

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அவர்களில் 20 வயதுக்கு உட்பட்டவர்கள் ஏறக்குறைய 15,000 பேர், அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த 15,000 பேருக்கும் ஒரே நோய் இல்லை. ரத்தப் புற்றுநோயும் மூளை, நரம்பு மண்டலக் கட்டிகளும் சேர்ந்து ஏறத்தாழப் பாதி. மீதி பல சிறு வகைகளாகச் சிதறிக் கிடக்கிறது. நியூரோபிளாஸ்டோமா என்னும் நரம்புத் திசுக் கட்டி ஆண்டுக்கு 700 முதல் 800 பேருக்கு வருகிறது. மூளைத் தண்டில் பரவும் டி.ஐ.பி.ஜி. என்ற கட்டி 200 முதல் 300 பேருக்கு.

நோயின் தன்மையும் வேறு. பெரியவர்களின் புற்றுநோய் பெரும்பாலும் புகை, வெயில், வயது என்று பல ஆண்டுகளில் செல்களில் சேர்ந்த மரபணுச் சேதத்தால் உருவாகிறது. குழந்தைகளின் கட்டிகளில் அத்தகைய சேதம் மிகக் குறைவு. உறுப்புகள் உருவாகி வளரும் காலத்தில் ஏற்படும் பிழை, இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்வது போன்றவைதான் பல வகைகளுக்குக் காரணம். ஆகவே நுரையீரல் புற்றுநோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டைக் குழந்தையின் எடைக்கு ஏற்பக் குறைத்து எழுதிவிட முடியாது.

## வெற்றி எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது

குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோயான லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவில் இன்று வளர்ந்த நாடுகளில் 10 குழந்தைகளில் 9 பேர் பிழைக்கிறார்கள். 1940களில் இது வந்தால் சில மாதங்களில் மரணம்தான். 1947இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தபோதுதான் முதன்முறையாக நோய் தற்காலிகமாகவாவது பின்வாங்கியது. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அந்த மருந்தைத் தயாரித்துக் கொடுத்தது லெடர்லி நிறுவனத்தில் எல்லாப்ரகடா சுப்பாராவின் குழு. ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர்.

அங்கிருந்து 90 சதவீதத்துக்கு ஏறியதை ஏதோ ஓர் அதிசய மருந்தின் கணக்கில் எழுத முடியாது. ஏற்கெனவே கையில் இருந்த மருந்துகளை எந்த வரிசையில், எந்த அளவில், எவ்வளவு காலம் கொடுப்பது என்று மருத்துவமனைகள் கூடிச் சோதித்துக்கொண்டே இருந்ததன் பலன் அது. ஒரு மருத்துவமனைக்கு ஆண்டுக்கு நாலைந்து நோயாளிகள்தான் வருவார்கள் என்றால் தனியாக எதையும் நிரூபிக்க முடியாது. 2000இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் இணைந்து உருவான குழந்தைப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவில் இன்று 200க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் உள்ளன. புற்றுநோய் கண்ட அமெரிக்கக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் இந்த மருத்துவமனைகளில்தான் சிகிச்சை பெறுகிறார்கள். இந்த வலைப்பின்னலின் முதுகெலும்பு, தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஆண்டுதோறும் தரும் பணம்.

இதற்கு நேர்மாறான ஓரத்தில் டி.ஐ.பி.ஜி. நிற்கிறது. நிலவில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் 1962இல் இந்த நோயில்தான் இறந்தாள். அவளுக்குக் கொடுத்தது கதிர்வீச்சு. இன்றும் அடிப்படைச் சிகிச்சை கதிர்வீச்சுதான், பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை. இந்தக் கட்டியில் பெரும்பாலும் காணப்படும் மரபணு மாற்றத்தைக் கொண்ட மூளைக் கட்டிகளுக்கு முதல் மருந்தாக டார்டாவிப்ரோன் அங்கீகாரம் பெற்றதே 2025 ஆகஸ்டில்தான்.

## மருந்து நிறுவனங்கள் ஏன் வருவதில்லை

கணக்கு எளிது. ஆண்டுக்கு 700 நோயாளிகள் உள்ள நோய்க்கு மருந்து கண்டுபிடித்தாலும், லட்சக்கணக்கானோர் உள்ள மார்பகப் புற்றுநோய்க்குக் கண்டுபிடித்தாலும் ஆய்வகச் செலவு பெரிதாக மாறாது. விற்பனை மட்டும் பல நூறு மடங்கு மாறும். நிறுவனங்களைத் திட்டிப் பயனில்லை. பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இந்தக் கணக்கைத்தான் போடுவார்கள். இதன் விளைவு என்ன என்பதற்கு டினுடுக்சிமாப் என்ற மருந்தைவிட நல்ல சான்று இல்லை.

நியூரோபிளாஸ்டோமா செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு மூலக்கூறைக் குறிவைக்கும் எதிர்ப்புரதம் அது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். தயாரிக்க நிறுவனம் முன்வராததால் தேசியப் புற்றுநோய் நிறுவனமே தன் சொந்தக் கூடத்தில் அதைத் தயாரித்தது. அரசுத் துறை ஒன்று மருந்துத் தொழிற்சாலையாகவும் மாற வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும். 2001இல் கூட்டுக் குழுவின் சோதனை தொடங்கியது. 226 நோயாளிகள் போதும் என்றாலும் அவர்களைச் சேர்க்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. முடிவு 2010இல் வெளியானது: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 46 சதவீதம், புதிய சிகிச்சையில் 66 சதவீதம். இதற்குப் பிறகுதான் யுனைடெட் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் தயாரிப்பை ஏற்றது. 2015 மார்ச்சில் அங்கீகாரம் கிடைத்தது.

அந்த அங்கீகாரத்தோடு நிறுவனத்துக்கு ஒரு 'முன்னுரிமைப் பரிசீலனைச் சீட்டு'ம் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சீட்டை மட்டும் ஆப்வீ நிறுவனத்துக்கு 35 கோடி டாலருக்கு விற்றது. அது என்ன சீட்டு என்பதைக் கீழே பார்ப்போம்.

## பணம் வரும் மூன்று வாசல்கள்

1. அரசு. தேசியப் புற்றுநோய் நிறுவனம் வழியாக வருவது. அடிப்படை அறிவியல், பல மருத்துவமனைகள் இணைந்த சோதனைகள், பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடரும் ஆய்வுகள் என்று நீண்ட காலம் எடுக்கும், புகைப்படத்துக்கு எடுபடாத வேலைகளெல்லாம் இதில்தான் நடக்கின்றன.

2. நன்கொடை. இதன் தொடக்கம் 1948 மே மாதத்து வானொலி நிகழ்ச்சி ஒன்று. ஃபார்பரின் நோயாளியான 'ஜிம்மி' என்ற சிறுவன் படுக்கையில் இருந்தபடி பேஸ்பால் வீரர்களோடு பேசினான். அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தரத் தொடங்கிய திரட்டலில் 2 லட்சத்து 31 ஆயிரம் டாலர் குவிந்தது. இன்று மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனைக்காக மட்டும் ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல் திரட்டப்படுகிறது. நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ் 1962இல் திறந்த மருத்துவமனை அது. அலெக்ஸ் என்ற சிறுமி 2000இல் வீட்டு முற்றத்தில் போட்ட எலுமிச்சைச் சாறுக் கடையிலிருந்து வளர்ந்த அறக்கட்டளையும், மொட்டையடித்து நிதி திரட்டும் செயின்ட் பால்ட்ரிக்ஸ் அறக்கட்டளையும் ஆய்வாளர்களுக்கு நேரடியாக மானியம் தருகின்றன.

3. மருந்து நிறுவனங்கள். இங்கே கடைசியில் வருபவர்கள் இவர்கள்தான். நோயின் காரணம் தெரிந்து, மருந்து வேலை செய்யும் என்று ஓரளவு நிரூபணமான பிறகு.

நன்கொடையின் பலம், ஆபத்தை ஏற்பது. அரசு மானியக் குழு தயங்கும் புதிய யோசனைக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்துப் பார்ப்பது அறக்கட்டளைக்கு எளிது. ஆனால் நன்கொடையாளர் புதுமையை விரும்புவார். நாற்பது மருத்துவமனைகளில் தரவுப் பதிவாளர்களின் சம்பளத்தை இருபது ஆண்டுகள் கொடுக்க யாரும் மொட்டையடித்துக்கொள்வதில்லை. செயின்ட் ஜூடுக்கு வரும் பெருந்தொகையில் சிகிச்சைச் செலவும் மருத்துவமனை நடத்தும் செலவும் அடக்கம், அது ஒரே நிறுவனத்தில் குவிவதும் உண்மை. நன்கொடை நிறையத்தானே வருகிறது, அரசு எதற்கு என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

## '4 சதவீதம்' என்ற முழக்கம்

குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான செப்டம்பர் வந்தால் தங்க நிற ரிப்பனோடு ஒரு வாசகமும் பரவும்: அமெரிக்க மத்திய அரசின் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியில் குழந்தைகளுக்கு 4 சதவீதம்தான். 720 கோடி டாலரில் 4 சதவீதம் என்றால் சுமார் 29 கோடி டாலர்.

நோயாளிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு 4 சதவீதம் என்பது தலைக்கணக்குப்படி அதிகம் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். பெற்றோர் அமைப்புகளின் பதில் வலுவானது: எண்பது வயதில் வரும் புற்றுநோய் பறிப்பதும் ஆறு வயதில் வருவது பறிப்பதும் ஒரே எண்ணிக்கையிலான ஆண்டுகள் அல்ல. பிழைத்த குழந்தைக்கும் இதயப் பாதிப்பு, மலட்டுத்தன்மை, இன்னொரு புற்றுநோய் என்று சிகிச்சையின் விலை பின்னால் வருகிறது.

தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வாதம் வேறு. ஆய்வகத்தில் ஒரு செல் ஏன் கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது என்று பார்ப்பவரின் மானியம் எந்த வயதுக் கணக்கில் சேரும்? இமாட்டினிப் என்ற மருந்து பெரியவர்களின் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்காக உருவானது. அதே மரபணுப் பிழை கொண்ட அரிய வகை லுக்கேமியா உள்ள குழந்தைகளுக்கு அதைச் சேர்த்துக் கொடுத்தபோது, மூன்று ஆண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 80 சதவீதமானார்கள். 2018இல் அங்கீகாரம் பெற்ற லாரோட்ரெக்டினிப் கைக்குழந்தைகளின் ஒருவகை இணைப்புத் திசுக் கட்டியை வியக்கத்தக்க அளவில் சுருக்குகிறது. அது குறிவைக்கும் மரபணு 1980களில் கண்டறியப்பட்டதோ பெருங்குடல் புற்றுநோயில்.

என் பார்வையில் 4 சதவீதம் பதாகைக்கு நல்ல எண், அளவுகோலுக்கு மோசமான எண். எதைக் குழந்தைக் கணக்கில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். இதைவிடக் கூர்மையான கேள்வி, மொத்த நிதி வெட்டப்பட்டால் குழந்தைகளுக்கான பகுதி தப்புமா என்பது. மேலே சொன்ன இரு மருந்துகளே விடை: பெருங்குடல் ஆராய்ச்சியை வெட்டினால் சில ஆண்டுகள் கழித்து அது குழந்தை வார்டில் வந்து நிற்கும்.

## சட்டம் சொல்லும் தொகையும் கைக்கு வரும் தொகையும்

நம்மூர்ச் செய்திகளில் 'நிர்வாக ஒப்புதல் கிடைத்தது, நிதி விடுவிக்கப்படவில்லை' என்று படித்திருப்போம். அமெரிக்காவிலும் அதே இரு படிகள். அங்கீகாரச் சட்டம் 'இவ்வளவு வரை செலவிடலாம்' என்று சொல்லும். ஒவ்வோர் ஆண்டும் நிறைவேறும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம்தான் பணத்தைத் தரும். செய்தித் தலைப்பில் வருவது பெரும்பாலும் முதல் படி.

1. 2008: குழந்தைப் புற்றுநோயை வெல்லும் சட்டம். நியூரோபிளாஸ்டோமாவில் மகளை இழந்த டெபோரா பிரைஸ் என்ற பிரதிநிதியின் முயற்சி. ஆண்டுக்கு 3 கோடி டாலர் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு அங்கீகாரம். முழுத் தொகை ஒதுக்கப்படவே இல்லை.

2. 2014: கேப்ரியெல்லா மில்லர் சட்டம். மூளைக் கட்டியால் 10 வயதில் இறப்பதற்கு முன் 'பேச்சு போதும், செயல் வேண்டும்' என்ற பொருளில் தலைவர்களிடம் முறையிட்ட சிறுமியின் பெயரில். கட்சி மாநாடுகளுக்கு அரசு கொடுத்துவந்த பணத்தை நிறுத்தி, ஆண்டுக்கு 1.26 கோடி டாலர் வீதம் பத்து ஆண்டுகளுக்குக் குழந்தைகளின் மரபணு வரிசையாக்கத்துக்குத் திருப்பியது.

3. 2018: ஸ்டார் சட்டம். மீண்டும் குழந்தைப் புற்றுநோய்க்கென ஆண்டுக்கு 3 கோடி டாலர். இம்முறை பெற்றோர் அமைப்புகள் பாடம் கற்றிருந்தன. சட்டம் நிறைவேறியதும் கலையாமல், ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீட்டுக் குழுவின் கதவைத் தட்டினார்கள். பணம் வந்தது. 2023 ஜனவரியில் சட்டம் புதுப்பிக்கவும் பட்டது.

## விதிகளை மாற்றியது

தொகைகளைவிட, பெற்றோரின் இயக்கம் சாதித்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது சட்ட விதிகளில் ஏற்படுத்திய மாற்றம்தான்.

2003 சட்டம் புதிய மருந்துகளைக் குழந்தைகளிலும் சோதிக்கக் கட்டாயப்படுத்தியது. ஆனால் 'இந்த நோய் குழந்தைகளுக்கு வராது' என்றால் விலக்கு உண்டு. நுரையீரல் புற்றுநோய் குழந்தைகளுக்கு வருவதில்லை, ஆகவே விலக்கு. புற்றுநோய் மருந்துகள் இந்த ஓட்டை வழியாகத்தான் தப்பின. 2017இல் நிறைவேறி 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ரேஸ் சட்டம் இதைத் திருப்பிப் போட்டது: நோய் எந்த உறுப்பில் என்று பார்க்காதே, மருந்து குறிவைக்கும் மூலக்கூறு குழந்தைக் கட்டியிலும் உண்டா என்று பார். உண்டென்றால் சோதிக்க வேண்டும். அரசுக்கு இதில் பெரிய செலவும் இல்லை.

இன்னொன்று 2012இல் வந்த சீட்டுத் திட்டம். மகன் ஜேக்கப்பை மூளைப் புற்றுநோயில் இழந்த வழக்கறிஞர் நான்சி குட்மன் இதற்காக உழைத்தவர். குழந்தைகளின் அரிய நோய்க்கு மருந்து கொண்டுவரும் நிறுவனத்துக்கு ஒரு சீட்டு. வேறெந்த மருந்துக்கும் அதைக் காட்டினால், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் வழக்கமாகப் பத்து மாதம் எடுக்கும் பரிசீலனை ஆறு மாதத்தில் முடியும். விற்கவும் செய்யலாம். நான்கு மாதம் முன்பே சந்தைக்கு வருவது பெரிய மருந்துகளுக்குப் பல கோடி என்பதால் சீட்டுக்கு விலை உண்டு. 2014இல் முதல் சீட்டு 6.75 கோடி டாலருக்குப் போனது. டினுடுக்சிமாப் சீட்டின் விலையை மேலே பார்த்தோம்.

இது உண்மையில் புதிய மருந்துகளைக் கொண்டுவந்ததா? அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2020இல் பார்த்தபோது, நிறுவனங்கள் 'சீட்டும் எங்கள் முடிவில் ஒரு காரணம்' என்றன. இருந்த சில ஆய்வுகளோ மிகக் குறைந்த தாக்கத்தையே காட்டின. டினுடுக்சிமாப் கதையில் ஆபத்தை ஏற்றது பொதுப் பணம், பரிசைப் பெற்றது நிறுவனம். இந்த நெருடலைப் பேசாமல் திட்டத்தைப் புகழ முடியாது.

## 2024 டிசம்பர் முதல்

அரசு முடங்காமல் தடுக்க அந்த மாதம் கொண்டுவரப்பட்ட ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட மசோதாவில் குழந்தைப் புற்றுநோய் அம்சங்களும் சேர்க்கப்பட்டிருந்தன: சீட்டுத் திட்டத்தின் நீட்டிப்பு, கேப்ரியெல்லா சட்டத்தின் நீட்டிப்பு, வேறு சில. எலான் மஸ்க்கும் டிரம்ப்பும் எதிர்த்ததும் மசோதா சுருக்கப்பட்டது, இவை உதிர்ந்தன. யாரும் குழந்தைப் புற்றுநோயை எதிர்த்து வாக்களிக்கவில்லை. இந்த அம்சங்கள் பெரிய வண்டியில் ஏறியிருந்தன, வண்டி கவிழ்ந்தது, அவ்வளவுதான். கேப்ரியெல்லா சட்டத்தை மட்டும் செனட் சபை தனியாக எடுத்து நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் பைடன் கையெழுத்திட, 1.26 கோடி டாலர் 2028 நிதியாண்டு வரை நீண்டது. சீட்டுத் திட்டம் அந்த டிசம்பரிலேயே காலாவதியானது.

இனி தொடக்கத்தில் சொன்ன முரணுக்கு வரலாம். இரட்டிப்பானது தரவுத் திட்டம், அதாவது நோயாளிகளின் தகவலைத் திரட்டி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடும் ஒரு பகுதி. 2019இல் டிரம்ப் முதல் ஆட்சியில் பத்தாண்டுகளுக்கு 50 கோடி டாலர் என்று அறிவித்தபோது பிறந்தது. நல்ல திட்டம். ஆனால் கூடுதலாகச் சேர்ந்த 5 கோடி, நிறுவனத்தின் மொத்த நிதியில் ஒரு சதவீதம்கூட இல்லை. கேட்கப்பட்ட வெட்டோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதிபரின் நிதித் திட்டம் கோரிக்கை மட்டுமே, முடிவு நாடாளுமன்றத்துடையது. இரு அவைகளின் ஒதுக்கீட்டுக் குழுக்களும் 2025இல் அந்த வெட்டை ஏற்காமல், சிறிதளவு உயர்த்தியே பரிந்துரைத்தன. இருந்தும், சோதனையில் புதிய நோயாளியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு அடுத்த ஆண்டு பணம் வருமா என்ற சந்தேகமே பாதி வெட்டு. தரவை அலசக் கணினி இருக்கும், தரவை உருவாக்கும் சோதனை இருக்காது என்றால் அலசுவதற்கு என்ன இருக்கும்?

## அமெரிக்காவுக்கு வெளியே

உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வளர்ந்த நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். பல ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு. இந்த இடைவெளிக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படாத மருந்து அல்ல. அமினோப்டெரினின் வழிவந்த மெத்தோட்ரெக்சேட், 1960களின் வின்கிரிஸ்டின் போன்ற பழைய, மலிவான மருந்துகள் தடையின்றிக் கிடைக்காததும், நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதும், பாதியில் சிகிச்சையை விடுவதும்தான். மலிவு என்பதே ஆபத்தாகவும் மாறும். 2019இல் ஒரு தயாரிப்பாளர் விலகியதும் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு வந்தது.

2030க்குள் உலகளவில் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகள் பிழைக்க வேண்டும் என்ற இலக்கை உலக சுகாதார நிறுவனம் 2018இல் வைத்தது. 2021 டிசம்பரில் செயின்ட் ஜூட் மருத்துவமனையோடு சேர்ந்து, தரமான மருந்தை மொத்தமாக வாங்கி இலவசமாகத் தரும் தளத்தை அறிவித்தது. ஆறு ஆண்டுகளுக்கு 20 கோடி டாலர். முதல் பெட்டிகள் 2025 பிப்ரவரியில் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போயின. அடுத்த சில ஆண்டுகளில் 50 நாடுகள், சுமார் 1,20,000 குழந்தைகள் என்பது திட்டம். அந்த 20 கோடியும் நன்கொடையாகத் திரண்டது. அது தீர்ந்தபின் அதே மருந்தை அந்தந்த நாட்டு அரசுகள் தம் நிதிநிலை அறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதும் என்பதே அடுத்த கேள்வி.